அம்மாவின் நாற்காலியில்

ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வக்கீலம்மா எழுதுகிறேன். சுகமா? முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், அனுப்பிவைக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. நகரசபைத் தேர்தலில் நம் வட்டாரத்துக்குக் கட்சி என்னைத்தான் நிறுத்தியிருக்கிறது. செயலாளர் நேற்றுக் காலையில் வீட்டுக்கே வந்து சொன்னார். உன் மாப்பிள்ளை வழக்கம்போல "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் சமையலறையில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்க நடந்துபோய் வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்திருப்பார்.

இதனுடன் என் துண்டுப் பிரசுரம் ஒன்றை வைத்திருக்கிறேன். அப்பாவின் வீட்டுக் கோர்ட்டைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறேன். சின்னவனும் நானும் சண்டை போட்டால் அப்பா சமையலறை வாசலில் இரண்டு நாற்காலியைப் போட்டு, "நாற்காலி மாறு!" என்று உத்தரவு போடுவாரே. நான் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து தம்பியாகப் பேச வேண்டும். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து நானாகப் பேச வேண்டும். அடுத்தவர் பக்கத்தை யார் நன்றாகச் சொல்கிறாரோ அவரே ஜெயித்தவர். 'அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் பழகிய வீட்டிலிருந்து வருகிறேன்' என்று மேடையில் சொல்லும்போதெல்லாம் கைத்தட்டல்தான்.

இனி மனசுக்குக் கஷ்டமான விஷயம். எதிர்த்து நிற்கிற மருந்துக்கடைக்காரரின் ஆட்கள் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "பெத்த தாயையே வீட்ல வச்சுக்கத் துப்பில்லாதவ, வட்டாரத்தை எங்க பார்த்துக்கப் போறா?" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் என்ன பதில் சொல்ல? "ரெண்டு வாரத்துல வந்துடறேன்" என்று ஜனவரியில் ஒரு பையோடு கிளம்பினாய். அங்கே அறையே வாடகைக்கு எடுத்துவிட்டாய் என்பதைச் சின்னவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

போனதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. கடைசிப் பத்து நாள் மட்டும் வந்து இரு. மேடையில் பேச வேண்டாம், என் பக்கத்தில் நின்றால் போதும். ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் அத்தனை வாயும் அடைபட்டுவிடும்.

ஹலோ அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு மகள்

---

ஜூன் 9

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மனசு நிறைந்து போயிற்று. சேதியைப் படித்துக் காட்டியபோது ஹலோ எழுந்து நின்று கை தட்டினாள். அவளும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் குப்பை கொட்டியவர்கள் அல்லவா? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் ஷிஃப்ட் பார்த்தபோது என் போர்டையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். உன் வெற்றியில் தனக்கும் பங்கு உண்டு என்கிறாள்.

ஏன் போனில் பேசாமல் கடிதம் எழுதச் சொன்னேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். காரணம் இருக்கிறது. போனில் நான் பேச வாயெடுப்பதற்குள் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீயே எனக்குச் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது பார்!

பிரசுரத்தைப் படித்தேன். 'எளிய குமாஸ்தா' என்று அப்பாவைப் போட்டிருக்கிறாய். அவர் தலைமைக் குமாஸ்தா. அந்தத் 'தலைமை'க்காக அவர் எத்தனை வருஷம் காத்துக்கிடந்தார், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினார் என்று எனக்குத்தான் தெரியும். அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்திவிடு, இல்லாவிட்டால் மனுஷன் கனவில் வந்து என்னிடம் சண்டைக்கு நிற்பார்.

நான் வரவில்லை. பக்கத்தில் நிற்க நான் என்ன பூந்தொட்டியா? என்னை யாரும் விரட்டவில்லை, நானாக வந்தேன். யாராவது கேட்டால், "எங்கம்மாவுக்கு எங்கே இருக்கப் பிடிக்குதோ அங்கே இருக்காங்க" என்று சொல். அதைவிடப் பெரிய பதில் எதற்கு?

அறை எனக்குப் போதும். கீழே சைக்கிள் கடை. காலையில் கடைக்காரர் வந்து டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். மேல்மாடியில் ஹலோ. முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே, அதற்கு ஒன்றுமே இல்லை.

வெயிலில் தொப்பியோ குடையோ இல்லாமல் தெருத் தெருவாக அலையாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா

---

ஜூன் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்ன பதிலை அப்படியே சொல்லிப் பார்த்தேன். "எங்கே பிடிக்குதோ அங்கே இருக்காங்க" என்று நான் முடிப்பதற்குள், "அப்போ உன்கூட இருக்கப் பிடிக்கலையா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

செயலாளருக்குத் தலைவலி வந்துவிட்டது. "உங்கம்மா விஷயம் ஓட்டைத் தின்னுடும், மேடம்" என்கிறார். அவர் ஒரு வழி சொல்கிறார், கோபப்படாமல் படி. நீ வைத்தியத்துக்காக அங்கே போயிருக்கிறாய் என்று சொல்லிவிடலாமாம். பெரிய நோயெல்லாம் இல்லை, முட்டி ஆபரேஷன், நல்ல டாக்டர் அந்த ஊரில்தான் இருக்கிறார், அவ்வளவுதான். யாரும் வந்து உன் முட்டியைப் பார்க்கப் போவதில்லை. ஒரே ஒரு வரி அம்மா. நீ சரியென்றால் நாளைக்கே அடங்கிவிடும்.

நான் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறேன் என்று உனக்குத் தெரியும். இந்த ஊர் நகரசபையில் கால்வாய் ஓரத்து ஜனங்களுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை. அவர்களை அங்கிருந்து கிளப்பி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போடப் பார்க்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் ஜெயித்தால் மறுமாதமே வண்டி வந்து நிற்கும். நான் ஜெயித்தாக வேண்டும்.

உடனே பதில் போடு.

உன் அன்பு மகள்

---

ஜூன் 21

வக்கீலம்மாவுக்கு,

எனக்கு நோயை வரவழைக்காதே. எழுபதை நெருங்கும்போது அது தானாகவே வரும், உன் செயலாளர் சிபாரிசு தேவையில்லை.

என் முட்டியை வைத்து ஒரு ஓட்டு வாங்கினாலும் நான் உன்னோடு பேசமாட்டேன். உன் அப்பாவின் கோர்ட்டில் வளர்ந்தவள் என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, ஒரே வரிதானே என்று பொய் கேட்கிறாயே, வெட்கமாக இல்லை?

உண்மையைச் சொல். தோற்றால் தோற்றுப் போ.

அம்மா

---

ஜூலை 1

அன்புள்ள அம்மா, என் அருமை அம்மா,

உண்மையைச் சொல்லிவிட்டேன்!

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. பிறகு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் கடைவீதியில் பெரிய கூட்டம். செயலாளர் எழுதிக் கொடுத்த பேச்சு கையில் இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு, மேடையில் என் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "இது எங்கம்மாவோட நாற்காலி. இன்னிக்கு நான் அவங்க பக்கத்தைப் பேசப் போறேன்" என்றேன்.

என்னென்ன சொன்னேன் என்று உனக்கு எழுத வேண்டும். "எங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தாங்க. ஊர்ல இருக்கிற எல்லாரையும் எல்லாரோடயும் பேச வச்சாங்க. ஆனா சொந்த வீட்டுல அவங்க பேச ஒரு நாற்காலி இல்லை. அப்பா தீர்ப்பு சொன்னாரு, நான் வாதாடினேன், தம்பி தோத்தான், அம்மா பாத்திரம் கழுவினாங்க. அவங்க பக்கம் என்னன்னு யாரும் கேட்கலை. அப்பா போன பிறகு நான் அவங்க அறையைக் கட்சி ஆபீஸா மாத்தினேன். வர்றவங்களுக்கெல்லாம் அவங்களை டீ போட வச்சேன். ஆயுசு முழுக்க வாயைத் திறக்காம உழைச்சவங்க, கடைசியில ஒரு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அவங்க என்னை விட்டுப் போகலை. வாயில்லாத வாழ்க்கையை விட்டுப் போனாங்க. தப்பு எங்களோடது!"

பேசி முடித்தபோது காய்கறிக்கடைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கதையைச் சொல்லிட்டியேம்மா" என்று அழுதார். மருந்துக்கடைக்காரரின் மனைவியே மூக்கைச் சிந்தினார் என்று சொல்கிறார்கள். செயலாளர் முதலில் "கெடுத்துட்டீங்களே" என்று தலையில் கைவைத்தார். இரவு வந்த போன்களைப் பார்த்துவிட்டு, "மேடம், இதை நாலு கூட்டத்துல சொல்லுங்க" என்கிறார்.

உன் பக்கத்தை நான் சரியாகச் சொன்னேனா அம்மா? இத்தனை வருஷம் கழித்தாவது சொன்னேனே. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

உன் அன்பு மகள்

---

ஜூலை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெயித்துவிட்டேன். தந்தி மாதிரி எழுதுகிறேன், வாசலில் ஜனம் நிற்கிறது. நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தேன். கடைவீதிப் பெட்டிகளிலும் கால்வாய் ஓரத்துப் பெட்டிகளிலும் பெண்கள் ஓட்டு மொத்தமாக விழுந்திருக்கிறது.

ஏன் பதிலே போடவில்லை? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன் செய்தால் ஹலோ அத்தை எடுத்து, "அவ எழுதுவா" என்று வைத்துவிடுகிறார். கோபமா, சந்தோஷமா, எதுவானாலும் ஒரு வரி போடு.

உன் அன்பு மகள்

---

ஜூலை 20

வக்கீலம்மாவுக்கு,

ஜெயித்ததற்கு என் ஆசீர்வாதம். அது எப்போதும் உண்டு. மற்றதைப் படிப்பதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார். நடுவில் யாருக்கும் போன் செய்யாதே.

உன் பேச்சை ஹலோவின் பேத்தி தன் போனில் போட்டுக் காட்டினாள். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். ஐயோ பாவம், யார் இந்தப் பொம்பளை, இப்படி வாயில்லாப் பூச்சியாக வாழ்ந்திருக்கிறாளே என்று எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் ஹலோ என் தோளைத் தட்டி, "அடியே, அது நீதாண்டி" என்றாள்.

இப்போது இங்கேயும் அது பரவிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் என் பையை என்னைத் தூக்க விடுவதில்லை. நூலகத்தில் எனக்கென்று ஒரு மெத்தை போட்ட நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவில் போனால் 'த்சொ த்சொ' என்கிறார்கள். நான் நன்றாக இருந்தேனடி. ஒரே ராத்திரியில் என்னைப் பாவமாக்கிவிட்டாய்.

நீ சொன்னதில் எது சரி தெரியுமா? எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன், பாத்திரம் கழுவினேன். அந்த இரண்டும்தான்.

ஷிஃப்ட் முழுக்க "நம்பர் சொல்லுங்க, லைன்ல இருங்க, பேசுங்க" என்று பேசிப் பேசித் தொண்டை கட்டி வருவேன். வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சம்பளத்தோடு லீவு. உன் அப்பாவுக்கு அது தெரியும். அதனால்தான் வந்தவர் போனவரிடமெல்லாம் அவரே பேசி அனுப்பிவிடுவார். அவர் ஏன் அந்தக் கோர்ட்டைக் கூடத்தில் வைக்காமல் சமையலறை வாசலில் வைத்தார் என்று நீ யோசித்ததுண்டா? தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் கரண்டியை மெதுவாக வைத்தால் சரி. டங்கென்று வைத்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மறுபடியும் விசாரிப்போம்" என்பார். உங்கள் இரண்டு பேருக்கும் உங்கள் சண்டைதான் பெரிது, கரண்டிச் சத்தம் எங்கே காதில் விழும்? அந்த மனுஷனை ஊரறிய, பெண்டாட்டி வாயைக் கட்டினவர் ஆக்கிவிட்டாய். இல்லாதவர் வந்து பதில் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

டீ போட்டதும் நீ சொல்லி இல்லை. வருகிறவர்கள் பேசும் ஊர்க்கதை கேட்க எனக்குப் பிடிக்கும், அதனால் போட்டேன். அறையை நான்தான் எடுத்துக்கொள் என்றேன். உனக்கு மறந்துவிட்டது.

பிறகு ஏன் போனேன்?

போன மழைக்காலத்தில் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாயே. அவர் என்னைப் பார்த்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "முட்டி டாக்டர், இடது முட்டி. படியேறும்போது அதிகமா இருக்கு, ராத்திரி தூக்கம் வரலை" என்று நீ சொன்னாய். அழகாகத்தான் சொன்னாய். அவர் தைலமும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். எனக்கு வலித்தது இடுப்பு. வலிக்காத முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தையல்காரரிடமும் நீ, வங்கியிலும் நீ, என்னைப் பார்க்க வந்தவர்களிடமும் நீ. "அம்மாவுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்று நீ சொல்லும்போது உன் முகத்தில் எத்தனை பாசம்! அதைப் பார்த்து எப்படியடி மறுப்பேன்? ஒரு நாள் யாரோ, "உங்களுக்கு டீயா காபியா?" என்று கேட்டபோது, நான் உன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. மறுவாரம் கிளம்பினேன். இங்கே வந்து நானே டாக்டரிடம் போய், இடுப்பு என்று என் வாயால் சொன்னேன். இப்போது வலி பாதி குறைந்திருக்கிறது.

உண்மையைச் சொல் என்று எழுதினேன். சொல்லத்தான் ஓடினாய், அது என்ன என்று என்னைக் கேட்கவில்லை.

உன் அப்பா நல்ல கோர்ட்டுதான் நடத்தினார். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது, எனக்கும் அப்போது தெரியவில்லை. பஸ் பயணத்தில் ஜன்னலோரத்துக்குச் சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னவனாக உட்கார்ந்து, காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், மரம் பார்க்க வேண்டும் என்று பிரமாதமாகப் பேசினாய். ஜெயித்த பெருமையில் ஜன்னலோரத்தையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தாய். எதிரே லாரி வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை அவன். நீ கிள்ளாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவன் வழக்கு. அவன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். என்னடா வேண்டும் உனக்கு என்று நீயும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்கு விழுந்த ஓட்டில் பாதி அந்தப் பாவப்பட்ட பொம்பளைக்கு விழுந்தது. அப்படி ஒருத்தி கிடையாது. இதற்கு மேல் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்தபிறகு எழுது. அதுவரை எனக்கு உன் கடிதம் வேண்டாம். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம்.

அம்மா

---

ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது ஆத்திரம். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உனக்காகத்தானே எல்லாம் செய்தேன், முட்டியோ இடுப்போ, கூட்டிப்போனது நான்தானே என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். உன் மாப்பிள்ளையிடம் கடிதத்தைக் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க, நான் அப்படியா?" என்று கேட்டேன். அவர் படித்துவிட்டு வாயைத் திறந்தார். "உங்களுக்கு என்னை விட்டுக்கொடுக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் எனக்கு வாதாட ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நன்றி அறிவிப்புக் கூட்டம் அதே கடைவீதியில் நடந்தது. செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மைக்கையே கொடுத்திருக்கமாட்டார். நின்றபடியேதான் பேசினேன். "போன தடவை எங்கம்மாவைப் பத்தி நான் சொன்னது தப்பு. அவங்களைக் கேட்காம சொன்னேன். அவங்க வாயில்லாதவங்க இல்லை. எங்கப்பா அவங்க வாயை அடைக்கலை. அவங்க போனதுக்குக் காரணம் நான். அவங்க பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிக்கிட்டு இருந்தேன், அந்தப் பேச்சு உட்பட" என்றேன். நீ எழுதியதில் வேறு எதையும் சொல்லவில்லை. இடுப்பு உன்னுடையது.

கைத்தட்டல் இல்லை. "அப்போ பொய் சொல்லியா ஓட்டு வாங்கினே?" என்று ஒரு பெண் கேட்டார். என் கையைப் பிடித்து அழுதாரே, அதே அம்மாள். "பொய்னு தெரிஞ்சு சொல்லலைம்மா. ஆனா தெரியாததைச் சொன்னேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது. மருந்துக்கடைக்காரர் மறுநாளே 'புளுகு ராணி' என்று போஸ்டர் ஒட்டிவிட்டார். எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த குழுத் தலைவர் பதவியைக் கட்சி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. செயலாளர் என்னோடு பேசுவதில்லை. அடுத்த முறை எனக்கு இடம் கிடைக்காது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

கால்வாய் ஓரத்துக்குப் போனேன். அவர்களைக் கிளப்ப விடமாட்டேன் என்று நகரசபையில் படிக்க ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டேன். என் நாக்கு படாத பாடு பட்டது அம்மா, அவர்கள் ஒரு வார்த்தையைத் தேடினால் எனக்கு அது நுனிநாக்கில் வந்து நிற்கிறது. ஆண்கள் பலர் போகமாட்டோம் என்றார்கள், வேலை பக்கத்தில் இருக்கிறது. பெண்களில் பாதிக்கு மேல், "போகத் தயார்தான். அந்த மாடியில லிஃப்ட் ஓடுமா? குழாயில தண்ணி வருமா? அதை எழுதி வாங்கிக் குடுங்க" என்கிறார்கள். இத்தனை வருஷமாக அவர்களுக்காக நான் பேசிவந்ததில் லிஃப்ட் என்ற சொல்லே இல்லை. இப்போது அந்த இரண்டு விதமாகவும்தான் சபையில் சொல்லியிருக்கிறேன். கட்சிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

சின்னவனுக்கும் போன் செய்து ஜன்னலோரத்தைக் கேட்டேன். "அக்கா, நீ கிள்ளுற இடம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான். மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

ஏன் போனாய் என்பதை நீயே எழுதிவிட்டாய். ஏன் அங்கேயே இருக்கிறாய் என்பதை நான் இன்னும் கேட்கவில்லை. அங்கே உனக்கு என்னென்ன பிடித்திருக்கிறது அம்மா? வீட்டுக்குக் கூப்பிடுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உன் மகள்

---

ஆகஸ்ட் 23

என் மகளுக்கு,

உன் கடிதத்தை ஹலோவிடம்கூடக் காட்டவில்லை. முதலில் நான் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

குழுத் தலைவர் பதவி போனதற்கு வருத்தப்படுகிறேன். போனால் போகிறது என்று எழுத மாட்டேன், நீ அதற்காக எவ்வளவு அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடைக்கார அம்மாளிடம் இன்னொரு நாள் போ. பேசாவிட்டாலும் காய் வாங்கிக்கொண்டு வா.

என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டாய். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன், பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி.

காலையில் எழுந்தால் இன்றைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. அது பிடித்திருக்கிறது. ஹலோவோடு சண்டை போடுவது பிடித்திருக்கிறது. எனக்குச் சண்டை போடவே வரவில்லை, பழக்கமில்லை பார், பாதியில் சிரித்துவிடுகிறேன், அவள் ஜெயித்துவிடுகிறாள். தோற்றாலும் என் சண்டை. சைக்கிள் கடைக்காரரிடம் பேரம் பேசி ஒரு பழைய நாற்காலி வாங்கினேன், ஏமாற்றித்தான் கொடுத்திருக்கிறார், ஆடுகிறது. அதுவும் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இரண்டு நாள் ஆயிற்று. அங்கே நான் உன் அப்பாவை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால், அம்மாவுக்குத் தனிமை என்று டிவியைப் போட்டுவிடுவாய், யாரையாவது கூட்டிவந்து பேச வைப்பாய். பாசத்தில்தான் செய்தாய். இங்கே நான் நினைத்த நேரத்தில் உட்கார்ந்து அவருக்காக அழுகிறேன். நன்றாக அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மேல்மாடிக்கு டீ குடிக்கப் போகிறேன். முப்பத்தேழு வருஷம் கூட இருந்தவருக்கு இவ்வளவாவது நான் அழ வேண்டாமா? எனக்கு அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

அதனால் வீட்டுக்கு வரமாட்டேன். அடுத்த தேர்தலுக்கும் வரமாட்டேன். நீ வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அவர் சிரிப்பதை நானும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், நாங்கள் படத்துக்குப் போகிறோம்.

இப்போது என் முறை. உனக்கு ஆறு வயதில் நீ என்னவோ வாயடித்தாய் என்று நான்தான் உனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தேன். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். கோர்ட், நாற்காலி, மேடை, கட்சி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் பெருமைப்பட்டோமே தவிர, இதெல்லாம் உனக்கு வேண்டுமா என்று ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை. உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா?

உடனே எழுத வேண்டாம். நன்றாக யோசித்து எழுது. நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா